உருபைக் கண்டுபிடித்தால் போதுமா?

உவமையும் உருவகமும் கவிதைக்கு மேலே அடித்த வண்ணம். சுரண்டினால் அடியில் 'கருத்து' பத்திரமாக இருக்கும். நம் தமிழ் வகுப்பறைகள் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அணியின் பெயரைச் சொல், இலக்கணம் எழுது, சான்று காட்டு, உவமை எது, உவமேயம் எது, உருபு எது என்று பிரித்து வை. முழு மதிப்பெண். பிள்ளைக்குப் பாட்டு புரிந்ததா என்ற கேள்விக்கு விடைத்தாளில் இடமே இல்லை.

பத்தாம் வகுப்பில் தற்குறிப்பேற்ற அணிக்குத் தரும் சான்றையே எடுத்துக்கொள்வோம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதுபோல் இருந்தன என்கிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றினார் என்று எழுதிவிட்டு மாணவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். கோவலன் அங்கே வெட்டுண்டு சாகப்போகிறான் என்பது இளங்கோவுக்குத் தெரியும், கதை தெரிந்த நமக்கும் தெரியும். நடந்து வருகிற இருவருக்கு மட்டும் தெரியாது. கொடி தடுக்கிறது, அவர்களுக்கு அது வெறும் கொடி. கூப்பிட்டுச் சொல்லவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் வாசகன் தவிக்கிறானே, அந்தத் தவிப்புக்காகத்தான் அந்தக் கொடியே அங்கே அசைகிறது. குறிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மதுரையில் காற்றடித்தது என்ற செய்திதான்.

உவமை வெறும் மேல்வண்ணம் அல்ல என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோனது. அவர்கள் சொன்ன உவமையே பெயராக நின்றது. செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். குறுந்தொகை 131-ஐப் பாடியவர் ஓரேருழவனார். போன காரியம் முடிந்து, தொலைவில் இருக்கும் காதலியிடம் திரும்பத் துடிக்கிறான் தலைவன். நிலத்தில் ஈரம் இருக்கிறது, காய்வதற்குள் உழுதாக வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஏர். அந்த உழவனின் பதற்றம்தான் அவன் பதற்றம். 'தலைவன் விரைந்து செல்ல விரும்பினான்' என்று தெளிவுரை எழுதிப் பாருங்கள். இதைச் சொல்லவா ஒரு புலவர் வேண்டும்?

உவமை மேல்வண்ணம்தான் என்ற நம்பிக்கைக்கு ஒரு தங்கை உண்டு: 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உவமை நயமெல்லாம் எங்கே தெரிகிறது?' ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுபவர்கள் மைதானப் பக்கம் போய்க் கொஞ்சம் காது கொடுக்கலாம். ஒருவன் பல்பு வாங்குகிறான், இன்னொருவன் அல்வா கொடுக்கிறான், கணக்குப் பாடத்தில் எல்லாருக்கும் மண்டை காய்கிறது. இவற்றில் எதையும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு விழிக்கிற பிள்ளை ஒன்றைக் காட்டுங்கள். வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றுக்கு மருந்து தேடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். வரையறையை மனப்பாடம் செய்த பிறகா இதைக் கற்றார்கள்? இருக்கிற திறமையை வகுப்பு வாசலில் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே அட்டவணை போட்டுக் காட்டுகிறோம்.

வகைப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாகப் பிரித்தது பெரிய உழைப்பு. ஆனால் பெயர் வைத்ததோடு படிப்பு முடிந்துவிட்டது என்று தண்டி எங்கும் எழுதித் தரவில்லை. தொல்காப்பியரோ உவமவியலில் இன்னும் கூர்மையான கேள்விக்குப் போகிறார்: யார் பேசுகிறார்? தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி சொன்னால் அவள் நிலத்தைத் தாண்டக் கூடாது. உவமை பேசுபவரின் வாழ்க்கைக்குள்ளிருந்து வர வேண்டும் என்ற இந்தக் கண்டிப்பு நம் வினாத்தாளில் எங்கே இருக்கிறது?

கேட்கலாமே. ஓரேருழவனை எடுத்துவிட்டு, அதே பதற்றத்துக்கு உன் தெருவிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவா. ஏன் அவர் என்றும் சொல். கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறவரை ஒருத்தி எழுதுவாள். தண்ணீர் லாரி வந்த நேரத்தில் ஒற்றைக் குடத்தோடு நிற்கும் அம்மாவை இன்னொருவன் எழுதுவான். இதற்கு விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது என்பார்கள். உண்மைதான், முடியாது. திருத்துகிறவர் ஒவ்வொரு விடையையும் படித்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.