“இ.சி.ஜி. நல்லா இருக்காம் அண்ணே!”

கிள்ளானில் இருக்கும் என் தம்பிக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. வயது 54. லோரி ஓட்டுநர். நெஞ்சில் வலி வந்ததும் ‘வாயுக் கோளாறு’ என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்திருந்தார். பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், முறுக்கைக் கடித்தபடி சாதாரணமாகச் சொன்னார்: “போன வாரம் கிளினிக்ல இ.சி.ஜி. எடுத்தேன். நல்லா இருக்காம் அண்ணே! மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன்.”

எனக்குப் பகீரென்றது.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகள் தொலைபேசிக் கம்பிகளோடு மல்லுக்கட்டியவன். ஆனால் என் தொழில் ஒன்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. கம்பியில் இரைச்சல்தான் கேட்கிறது என்பதால் அதன் அடியில் பேச்சே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதயத்தின் மின்சாரமும் அப்படித்தான்.

மாரடைப்பில் ரத்தம் கிடைக்காமல் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. அந்த இடம் நாளடைவில் தழும்பாகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. தழும்புக்குள்ளும் அதன் ஓரத்திலும் உயிர் பிழைத்த சில தசை இழைகள் அங்கங்கே கிடக்கும். நல்ல தசையில் நெடுஞ்சாலையில் போவதுபோல் ஓடுகிற மின்னோட்டம், இந்த இழைகளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் போவதுபோல் வளைந்து வளைந்து மெதுவாகப் போகிறது. மற்ற இடமெல்லாம் துடித்து முடித்த பிறகுதான் வந்து சேருகிறது.

தாமதமாக வந்த அந்த மின்னோட்டம், ஓய்வெடுத்து மீண்டும் தயாராகிவிட்ட பக்கத்துத் தசையை எழுப்பிவிட்டால் ஆபத்து. மின்னோட்டம் தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கும். கீழறைகள் கண்மண் தெரியாமல் துடிக்கும். மாரடைப்பிலிருந்து பிழைத்து நன்றாக நடமாடிய ஒருவர் மாதங்கள் கழித்து, சில வேளை ஆண்டுகள் கழித்துத் திடீரென்று சாய்ந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் தாமத மின்னோட்டத்தை இ.சி.ஜி. காட்டாதா? சாதாரண இ.சி.ஜி. தாளில் பொதுவாகத் தெரியாது. தாளில் நாம் பார்க்கும் உயரமான கூர் முனை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது 1,000 மைக்ரோவோல்ட். தாமதமாக வரும் முனகலோ பெரும்பாலும் 20 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. நெஞ்சுத் தசையின் அசைவு, அறையிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. ஒரே மாதிரியான சமிக்ஞையைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுப்பது. இதயத்தின் சமிக்ஞை ஒவ்வொரு துடிப்பிலும் அதே இடத்தில் வரும். இரைச்சல் அப்படி வராது. கூட்டக் கூட்ட ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100 துடிப்புகளைச் சேர்த்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். 400 துடிப்புகளைச் சேர்த்தால் இருபதில் ஒரு பங்காகும். 1981இல் அமெரிக்க மருத்துவர் மைக்கல் சிம்சன் இந்த முறையில், மாரடைப்புக்குப் பின் ஆபத்தான வேகத் துடிப்பு வருகிறவர்களிடம் அந்த முனகல் இருப்பதைக் காட்டினார்.

1984இல் மைக்கல் கெயின் என்ற இன்னொரு மருத்துவரும் அவர் குழுவினரும் வேறு வழியில் போனார்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும்போது நம் காது இரண்டையும் பிரித்துக் கேட்கிறதல்லவா? அதைக் கணக்கால் செய்யும் முறையைப் பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822இல் வெப்பத்தைப் பற்றிய தம் நூலில் விளக்கினார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம். கெயின் குழு இதயத் துடிப்பின் கடைசிப் பகுதியை அப்படிப் பிரித்துப் பார்த்தது. ஆபத்தான வேகத் துடிப்பு வந்தவர்களிடம் 20 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான வேக அதிர்வுகளின் பங்கு கூடுதலாக இருந்தது. மின்னோட்டம் துண்டு துண்டாகச் சிதறிப் போவதன் தடயம் அது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு உண்டு. அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய நீண்ட நேரம் கேட்க வேண்டும். இதயத்தின் அந்த வால் பகுதியோ விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்னத் துண்டை வெட்டி எடுத்தால் 10 ஹெர்ட்ஸுக்கும் நெருக்கமான அதிர்வுகளைப் பிரித்தறிய முடியாது. துண்டை எங்கே தொடங்கி எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும்.

அதைவிடப் பெரிய பாடம் இன்னொன்று. இந்தச் சோதனை ‘முனகல் இல்லை’ என்று சொன்னால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். ‘இருக்கிறது’ என்று சொன்னாலோ, அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயம் பலவீனமாகி இந்தச் சோதனையிலும் கோளாறு தெரிந்த 900 பேருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு உள்ளே மின்னதிர்ச்சிக் கருவியும் பொருத்தினார்கள். கருவி பொருத்தியதால் உயிரிழப்பு குறையவில்லை.

இதயம் காட்டும் அடையாளத்தை மாற்றிவிட்டால் ஆளைக் காப்பாற்றியதாகாது என்பதை மருத்துவ உலகம் 1989இலேயே வலியோடு கற்றிருந்தது. மாரடைப்புக்குப் பின் வரும் தப்புத் துடிப்புகளை அடக்க மருந்து கொடுத்தார்கள். துடிப்புகள் அடங்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள்தாம் அதிகம் இறந்தார்கள். ஆய்வை அந்த மருந்துகளுக்குப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

கடைசியில் அதிகம் கைகொடுத்தது ஓர் எளிய எண். இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ ஸ்கேன் சொல்லும். மருத்துவர்கள் இ.எஃப். என்பார்கள். நல்ல இதயத்தில் அது ஏறத்தாழ 55க்கு மேல் இருக்கும். 2002இல் வெளிவந்த ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்து இந்த எண் 30 அல்லது அதற்கும் கீழே போன 1,232 பேர் கலந்துகொண்டார்கள். மின்னதிர்ச்சிக் கருவி பொருத்தியவர்களிடம் இறப்பு ஆபத்து 31 விழுக்காடு குறைந்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே பார்த்த எண்ணை வைத்து இந்தக் கருவியை முடிவு செய்வதில்லை. இதயம் தேற நேரம் கொடுத்து, குறைந்தது 40 நாள்களுக்குப் பிறகு மறுபடி பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ என் நெஞ்சுக்குள்ளயும் அந்த முனகல் இருக்கா அண்ணே?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிளினிக்ல எடுத்த தாள் அதைச் சொல்லாது. நீ நிறுத்தின மாத்திரை என்ன செஞ்சுக்கிட்டிருந்ததுன்னும் சொல்லாது” என்றேன்.

உண்மையில் எனக்கிருந்த உடனடிப் பயம் முனகல்கூட இல்லை. ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். மறுநாள் காலையிலேயே அவரைச் சிறப்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நன்றாகத் திட்டு வாங்கினார். மாத்திரைகள் மீண்டும் தொடங்கின. எக்கோவில் எண் 45 என்று வந்தது. கருவி தேவையில்லை, மாத்திரையை விடக் கூடாது என்றார் மருத்துவர்.

உங்கள் வீட்டில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர் யாராவது இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். “மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? உங்கள் இ.எஃப். எண் என்ன?” எண் தெரியாவிட்டால் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நெஞ்சில் வலி வந்தால் ஓமத் தண்ணீரைத் தேடாமல் 999ஐ அழையுங்கள். அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கப்படுகிறதோ, அவ்வளவு தசை பிழைக்கும், தழும்பும் சிறியதாகும்.

தம்பி இப்போது மாத்திரைப் பெட்டியை லோரியிலேயே வைத்திருக்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில், முருகன் படத்துக்குக் கீழே.