பெற்றவர் மனமும் தொழிலாளர் பிரச்னையே!

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் குழந்தைக்குக் கடும் நோய் வந்தால் என்ன நடக்கிறது? முதலில் திண்டிவனம் ஆஸ்பத்திரி. பிறகு முண்டியம்பாக்கம், அல்லது புதுச்சேரி ஜிப்மர். குழந்தைக்குக் கட்டில் கிடைக்கிறது. தாய் கட்டிலடியில் துண்டை விரித்துப் படுக்கிறாள். தகப்பன் ஒரு நாள் வந்து பார்த்தால் ஒரு நாள் கூலி போயிற்று. வைத்தியம் இலவசமாக இருக்கலாம், வயிற்றுப்பாடு இலவசமல்ல. தோடு அடகுக்குப் போகிறது. வட்டி ஏறுகிறது.

குழந்தையின் உடம்பை டாக்டர் பார்க்கிறார். பெற்றவர்களின் மனதை யார் பார்ப்பது?

தூக்கம் போகிறது. சோறு இறங்குவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல், அடக்க முடியாத அழுகை, இனி என்ன இருக்கிறது என்ற வெறுமை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அது கோழைத்தனமல்ல, வைத்தியத்தால் தீரக்கூடியது. ஆனால் ஊர் வாய் என்ன சொல்கிறது? தாய் செய்த பாவம் என்கிறது; மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறது. தகப்பனோ துக்கத்தை மறக்க டாஸ்மாக் கடையைத் தேடுகிறான். தாயின் பாரம் இரட்டிப்பாகிறது. அவள் மனம் ஒடிந்தால் மருந்து வேளை தவறும். பிள்ளையின் வைத்தியமும் தடுமாறும்.

இதை விதி என்று விட்டுவிடலாமா? மனதைத் தின்னும் கவலையில் பாதி நோயைப் பற்றியது. மறுபாதி கூலியையும் கடனையும் பற்றியது. அந்த மறுபாதியைச் சட்டத்தால் குறைக்க முடியும்.

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த ஆலைத் தொழிலாளி தானே நோயில் விழுந்தால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். அவர் குழந்தைக்கு வைத்தியமும் உண்டு. ஆனால் குழந்தையின் அருகில் உட்கார்ந்த நாட்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. மத்திய சர்க்காரின் பெண் ஊழியருக்கு, குழந்தைகளைக் கவனிக்கப் பணிக்காலத்தில் 730 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கும் உரிமை 2008 முதல் உண்டு. அது நியாயமான உரிமை. நாற்று நடுகிறவளுக்கு அதில் ஒரு நாளாவது உண்டா? அவள் பெற்றதும் பிள்ளைதானே? ஸ்வீடன் நாட்டில் பிள்ளை நோயுற்றால் தாயோ தகப்பனோ ஆண்டுக்கு 120 நாள் வரை உதவித்தொகையோடு வீட்டில் இருக்கலாம். கடும் நோயென்றால் அந்த வரம்பும் இல்லை.

ஆகவே நாம் கோருவது இது: கடும் நோயுற்ற குழந்தையைக் கவனிக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மூலம் சம்பளத்தோடு விடுப்பு. விவசாயத் தொழிலாளிக்குக் கூலிக்கு ஈடான படி. சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு குழந்தைகள் வார்டிலும் பெற்றோருக்குப் படுக்க இடமும் மனநல ஆலோசகரும்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க முடியாது. சங்கக் கிளைகளும் மாதர் சங்கமும் முறை வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் ஆஸ்பத்திரியில் தங்கினால் அந்தத் தாய் வீட்டில் கண்ணயர்வாள். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு தெரு போதும். தகப்பனும் முறை மாற்றிக் கட்டிலருகில் உட்கார வேண்டும். இது பெண் வேலை மட்டுமல்ல. வாய்விட்டுப் பேச 14416 என்ற தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உயிரை விடலாமா என்ற எண்ணம் யாருக்கேனும் தோன்றினால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தையைக் கவனிக்கச் சம்பளமா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். 8 மணி நேர வேலையைக் கேட்டபோதும் சிரித்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று 12 ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியானார்கள். மறு ஆண்டில் அந்த உரிமை சட்டமாயிற்று. கேட்காமல் கிடைத்த உரிமை எதுவும் இல்லை.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதற்கு முன், உங்கள் தெருவில் எந்த வீட்டில் விளக்கு இரவெல்லாம் எரிகிறது என்று பாருங்கள். அந்தக் கதவைத் தட்டுங்கள்!