மேனேஜர் ஆனால்தான் மனுசனா?

நம்ம பக்கத்தில் பையனுக்குப் பெண் கேட்டுப் போனால் சொந்த வீடு இருக்கா என்று கேட்பார்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். இப்போது பத்துப் பதினைந்து வருஷமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "தம்பிக்குக் கீழே எத்தனை பேர்?" பையன் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. சொன்னாலும் நமக்குப் புரியாது என்பது வேறு விஷயம். ஆனால் 'டீம் லீடர்', 'மேனேஜர்' என்கிற சொல் மட்டும் கடமலைக்குண்டிலிருந்து வாலிப்பாறை வரைக்கும் எல்லாருக்கும் புரிகிறது. முப்பத்தைந்து வயதில் ஒருவன் இன்னும் 'இன்ஜினியர்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், பையனிடம் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இது கெட்ட கேள்வி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் நம் வயசுக்காரர்கள். ஆகவே இது நமக்குள்ளே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அந்த நிதியாண்டுக்குள் வெளியே அனுப்பப் போவதாகச் சொன்னது. ஆறு லட்சம் பேர் வேலை பார்க்கிற இடம். செய்தியைக் கேட்டதும் நம்மில் பலர், புதிதாகச் சேர்ந்து வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பசங்களைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தோம். கம்பெனி சொன்னதோ வேறு. பெரும்பாலும் நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருப்பவர்கள் என்றது. நாம் யாரை 'செட்டில் ஆகிவிட்டான்' என்று சொல்லிப் பெருமைப்பட்டோமோ, அவர்கள்.

என் தம்பி முறையில் ஒருவருடைய மகன் வேறொரு கம்பெனியில் இருந்தான். பெயர் வேண்டாம். 2006-ல் சேர்ந்தவன், நன்றாக நிரல் எழுதுவான் என்று அவனோடு வேலை பார்த்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு வயதில் லீடர், முப்பத்து நாலில் மேனேஜர். போன வருஷம் நாற்பத்தொரு வயதில் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வருஷமாக அவன் நிரல் பக்கமே போகவில்லை. போகக் கூடாது என்றே சொல்லியிருக்கிறார்கள். "உன் சம்பளத்துக்கு நீ அதைச் செய்தால் கம்பெனிக்குக் கட்டாது" என்று. ஊருக்கு வந்திருந்தபோது சொன்னான்: "இன்டர்வியூவுக்குப் போனா, நீங்க கடைசியா என்ன எழுதினீங்கன்னு கேக்குறாங்க பெரியப்பா. நான் எழுதினதெல்லாம் மெயிலும் எக்செல் ஷீட்டும்தான்."

கையில் இருந்த தொழிலைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பதவிப் பெயரைக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஏன் இப்படி எல்லோரையும் மேனேஜராக்குகிறார்கள்? திறமையைப் பார்த்து என்று நினைக்க வேண்டாம். மேகமலைப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் பேரன் பேத்திகளும் உண்டு. அந்தக் காலத்துக் கங்காணிக்குத் 'தலைக்காசு' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அவன் கூட்டிவந்த ஆள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இத்தனை காசு என்று கணக்கு. கங்காணிக்குக் கொழுந்து கிள்ளத் தெரியுமா என்பது அந்தக் கணக்கில் வராது. நம் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளின் வருமானமும் வெகுகாலமாகத் தலைக்கணக்கில்தான் ஓடுகிறது. அமெரிக்காக்காரனிடம் இத்தனை ஆள், இத்தனை மணி நேரம் என்று பில் போடுவது. கீழே வருஷத்துக்கு மூன்றரை லட்சம் போலச் சம்பளத்தில் புதுப் பசங்களை நிறையப் போட்டு, மேலே போகப் போகக் குறுக்கினால்தான் லாபம். பதினைந்து வருஷ அனுபவம் உள்ள இன்ஜினியரை இன்ஜினியராகவே வைத்துக்கொள்ள அந்தக் கூம்பில் இடம் கிடையாது. ஒன்று அவன் இருபது தலைக்குக் கங்காணியாக வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். இதற்குத்தான் நாம் 'வளர்ச்சி' என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கத்தைக் கேலி பேசுவது சாஃப்ட்வேர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஃபைல் நகராது, எழுத்தர் எழுந்திருக்க மாட்டான், இத்யாதி. பேசட்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் அவர்களுடைய கம்பெனிகளைவிடப் புத்திசாலி. தமிழ்நாடு அரசுப் பணியில் ஒரே பதவியில் பத்து வருஷம் முடித்தால் தேர்வு நிலை, இருபது வருஷம் முடித்தால் சிறப்பு நிலை. பதவி மாறாது, கீழே ஒரு ஆள் வரமாட்டான், சம்பளம் மட்டும் உயரும். இடைநிலை ஆசிரியர் ஆசிரியராகவே இருந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, கௌரவமாக ஓய்வு பெறலாம். தலைமையாசிரியர் ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை யோசித்து விதியாக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

தலைமையாசிரியர் என்றதும் ஞாபகம் வருகிறது. நல்ல கணக்கு வாத்தியார் என்று பெயர் எடுத்தவர்களைத் தலைமையாசிரியர் ஆக்கி, சத்துணவு முட்டைக் கணக்கையும், இலவச சைக்கிள் பட்டியலையும், கழிப்பறைக் கதவையும் பார்க்க விட்டதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுமாரான நிர்வாகி கிடைத்தார், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் போனார். லாரன்ஸ் பீட்டர் என்ற கனடா நாட்டுக் கல்வியாளர் ரேமண்ட் ஹல் என்பவரோடு சேர்ந்து 1969-ல் ஒரு புத்தகமே போட்டார். ஒருவன் நன்றாகச் செய்கிற வேலைக்குப் பரிசாக அடுத்த பதவிக்குத் தூக்குவார்கள், அங்கேயும் நன்றாகச் செய்தால் அதற்கும் மேலே, கடைசியில் அவனுக்கு வராத ஒரு வேலையில் போய் உட்காருவான், அங்கேயே இருந்துவிடுவான் என்பது அவருடைய வாதம். கிண்டலாகத்தான் எழுதினார். ஆனால் 2019-ல் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை எடுத்து நிஜமாகவே கணக்குப் பார்த்தார்கள். நன்றாக விற்றவர்களைத்தான் அதிகம் மேனேஜராக்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனையோ சரிந்திருந்தது.

அலுவலகத்திலும் இதேதான். அழகாகக் குறிப்பு எழுதுகிற உதவியாளரைக் கண்காணிப்பாளர் ஆக்குவார்கள். அவருக்கு மற்றவர்கள் எழுதுவது பிடிக்காது. வரைவு வந்தால் சிவப்பு மையில் முழுசாக அடித்து, தானே எழுதுவார். எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்ய, மற்ற எட்டுப் பேரும் ஒன்றும் கற்காமல் டீ குடிக்கப் போவார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு பேரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். பிரிவு மட்டும் உருப்படவில்லை.

"அப்படியென்றால் மேனேஜரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் செய்து பார்த்தவர்களும் உண்டு. கூகுள் கம்பெனி ஆரம்ப காலத்தில், 2002 வாக்கில், இன்ஜினியர்களுக்கு மேலே மேனேஜரே இல்லாமல் நடத்திப் பார்த்தது. சில மாதம்தான் தாங்கியது. செலவுக் கணக்குச் சீட்டிலிருந்து சில்லறைச் சண்டை வரை எல்லாம் நேராக முதலாளி லாரி பேஜிடம் போய் நின்றது. பிற்பாடு அதே கம்பெனி, நல்ல மேனேஜர் என்றால் யார் என்று ஆராய்ந்து எட்டுக் குணங்களைப் பட்டியல் போட்டது. சொல்லிக்கொடுத்து ஆளை வளர்ப்பது முதலில் இருந்தது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது, அதாவது கடைசி. தேவையில்லை என்று சொல்லவில்லை, பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் பார்த்து ஒருவனை மேலே தூக்கினால் மற்ற ஏழும் எங்கிருந்து வரும்?

ஆக, ஆள் நடத்துவது தனித் தொழில். பரிசு அல்ல. கொத்தனாரைக் கூப்பிட்டு, "நீ நன்றாகச் சுவர் கட்டுகிறாய், நாளை முதல் தச்சு வேலை பார்" என்று யாரும் சொல்வதில்லை. இன்ஜினியரிடம் மட்டும் அதைத்தான் சொல்கிறோம், சொல்லிவிட்டு இனிப்பும் வாங்கிக் கொடுக்கிறோம். அந்தத் தொழிலை விரும்பிப் போகிறவன் போகட்டும். போகிறவன் அதை முதலிலிருந்து கற்க வேண்டும். தான் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை இன்னொருவன் நாலு மணி நேரம் தடுமாறிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பழக வேண்டும். ஆளைச் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும் என்ற நினைப்பையும் விட வேண்டும். ஐ.பி.எம். கம்பெனியின் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-ல் வெளியிட்ட புத்தகத்தில், தாமதமாகிவிட்ட வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்றார். தணிக்கை சமயத்தில் வேறு அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை நமக்கு உதவிக்கு அனுப்புவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பதிவேடு எந்த பீரோவில் என்று அவர்களுக்குக் காட்டுவதிலேயே நமக்கு ஒரு வாரம் போய்விடும்.

கம்பத்து நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: "பென்னிகுயிக் மட்டும் என்ன, மேனேஜர்தானேய்யா? ஆயிரக்கணக்கான ஆளை வைத்துத்தானே அணை கட்டினார்?" உண்மை. 1887-ல் தொடங்கி 1895-ல் திறந்த அணை. காட்டுக்குள், காய்ச்சலுக்கு நடுவே, பெரும் கூட்டத்தை நடத்தியவர். ஆனால் அவர் அளவுக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் போகவில்லையே? வெள்ளம் தடுப்பை அடித்துக்கொண்டு போனால் மறுபடி எப்படிப் போடுவது, சுண்ணாம்பும் சுர்க்கியும் எப்படிக் கலப்பது என்ற கேள்வியெல்லாம் அவருடைய கேள்வியாகவே இருந்தது. நம் ஊர் மேஸ்திரியும் அப்படித்தான். பத்து ஆளை வேலை வாங்குகிறவர், சந்தேகம் வந்தால் தூக்குக்குண்டைத் தானே பிடித்துப் பார்ப்பார். வேலை இல்லாத மாசத்தில் கொத்தனாராகப் போய் நாள் கூலி வாங்குவார், அதில் அவருக்கு வெட்கம் இல்லை. என் தம்பி மகனுக்கு அந்தக் கதவைத்தான் அடைத்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நம் அரசாணைகளில் 'கேடர்' என்று வருகிறதே, அது பிரெஞ்சில் 'காத்ர்'. படத்துக்குப் போடுகிற சட்டம் என்பது அதன் நேர்ப் பொருள். பிரான்ஸில் கம்பெனிகளில் மேல்நிலை ஊழியரை 'காத்ர்' என்பார்கள். அங்கே ஒரு இன்ஜினியர், கீழே ஒருத்தர்கூட இல்லாமல் தனியாக உட்கார்ந்து வேலை செய்தாலும் காத்ர்தான். படிப்பும் பொறுப்பும் போதும், தலை எண்ணிக்கை தேவையில்லை. ஐ.பி.எம். கம்பெனியும் 1960-களின் தொடக்கத்திலேயே, ஆள் நடத்தாமலே உச்ச நிலைக்குப் போகத் தன் விஞ்ஞானிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் 'ஃபெல்லோ' என்று ஒரு பதவி வைத்துவிட்டது. வழி தெரியாமல் இல்லை. நம்மூர்க் கம்பெனிகளில் சிலவும் காகிதத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் அந்த ஏணியில் ஏறுகிறவனை அவன் மாமனாரே மதிப்பதில்லை.

கதை ஒன்று போதும். தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருப்பதும், அதன் ஸ்ரீதர் வேம்பு அந்தப் பக்கமே குடிவந்ததும் தெரியும். 1996-ல் தொடங்கிய கம்பெனிக்குத் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 2025 ஜனவரி 27 அன்று அந்த நாற்காலியை சைலேஷ் குமார் தாவேயிடம் கொடுத்துவிட்டு, தான் தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சி வேலையைப் பார்க்கப் போவதாக அறிவித்தார். அன்றைக்கு டீக்கடையில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "கம்பெனியில் ஏதும் பிரச்சினையா சார்? பாவம், இறக்கிவிட்டுட்டாங்களே." சொந்தக் கம்பெனியில் அவரை யார் இறக்க முடியும்? ஒரு மனிதர் தனக்குப் பிடித்த வேலைக்கு விரும்பித் திரும்புவார் என்பதே நம் ஆட்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கிறது. அவர் முதலாளி, அவரால் முடியும் என்று சொல்லலாம், அது நியாயம். மாதத் தவணை கட்டுகிறவனால் அவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால் அவனைத் தடுப்பது தவணை மட்டும்தானா என்று நாம் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தம்பி மகன் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி படித்தான். இப்போது மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஜினியர். பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவனுக்குக் கீழே யாரும் இல்லை, மேலே இருப்பவனுக்கு முப்பது வயது. ராத்திரி தூக்கம் வருகிறது என்று அவன் மனைவி சொன்னாள். அவன் அப்பா மட்டும் தெருவில் கேட்பவர்களிடமெல்லாம், "மதுரை பிராஞ்சுக்கு மேனேஜரா மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை இன்றோடு நிறுத்து.