‘ஹோர்ட்’ என்ற சொல்லும் அசாயே மேசையும்

மேசையில் பச்சைத் துணி விரித்து, நுரை அட்டையில் குன்றுகள் வெட்டி, 28 மில்லிமீட்டர் உயர வீரர்களுக்குப் பொத்தான்வரை வண்ணம் தீட்டி, பகடை உருட்டிப் பழைய போர்களை மீண்டும் நிகழ்த்தும் விளையாட்டுக்கு பிரிட்டனில் ஒரு நூற்றாண்டைக் கடந்த மரபு உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பெயரில் இதற்கு விதிநூலே எழுதினார். வளர்ந்தவர்களின் பொம்மை விளையாட்டு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. போரைக் கொண்டாடுவது என்று கண்டிப்போரும் உண்டு. இரு சாராரும் விதிநூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வரலாற்றின் மீதான தீர்ப்பு அங்கேதான் எழுதப்படுகிறது.

‘படை நிலைகுலைந்தது’ என்று எழுதிவிட்டு வரலாற்றாசிரியர் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். விதி எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. எந்தப் படை, எத்தனை இழப்புக்குப் பின், பகடையில் எந்த எண் விழுந்தால் ஓடும் என்று அவர் சொல்லியாக வேண்டும். பெயரடைகள் அங்கே எண்களாகின்றன.

பண்டைய, இடைக்காலப் போர்களுக்காக 1990இல் வெளிவந்த ‘டிபிஏ’ விதிகளில் ‘ஹோர்ட்’ என்றொரு படைவகை உண்டு. பயிற்சியற்ற பெருங்கூட்டம் என்று பொருள். இச்சொல்லின் வேர் துருக்கிய மொழிகளின் ‘ஓர்து’. அங்கே அதற்குப் பொருள் பாசறை, அரசனின் படைமுகாம். உருது மொழியின் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. ஒழுங்குடன் அமைந்த முகாமைக் குறித்த சொல், அதைக் கண்டு அஞ்சியவர்களின் வாயில் ஒழுங்கற்ற கும்பலாயிற்று. விதி எழுதியவர் எவரையும் இழிவுபடுத்த எண்ணியிருக்க வேண்டியதில்லை. மொழி அவருக்காக முன்பே எண்ணிவைத்திருக்கிறது.

இந்தியப் போர்களை மேசையில் அமைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மராட்டியத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயேயில் ஆர்தர் வெல்லஸ்லி சிந்தியாவின் படையை எதிர்கொண்டார். ‘கட்டுக்கோப்பான ஐரோப்பியர், கட்டற்ற சுதேசிகள்’ என்ற வாய்பாடு அங்கே எடுபடாது. ஹனோவரைச் சேர்ந்த போல்மன் நடத்திய சிந்தியாவின் காலாட்படை, பகைவர் எதிர்பாராத பக்கத்தில் ஆற்றைக் கடந்ததும் முழு வரிசையையும் திருப்பி நிறுத்தியது. பயிற்சியற்ற கூட்டத்தால் ஆகிற காரியமா அது? பீரங்கி வீரர்களோ இறந்தவர்களைப் போல் பீரங்கிகளின் அடியில் கிடந்து, தாக்கும் வரிசை தாண்டிச் சென்றபின் எழுந்து அதன் முதுகில் சுட்டனர். கம்பெனிப் படையில் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் 1,500க்கும் மேல்.

பல விதிநூல்களில், எதிரி மேல் வந்துவிட்ட பீரங்கிகள் மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். அப்படி ஆடினால் அசாயேயின் கொடூரமான பகுதியே காணாமற்போகும். எனவே இந்தப் போருக்கென்று ஒரு தனி விதி எழுதுவது அலங்காரம் அன்று, கடமை.

முன்னறிவு இன்னொரு சிக்கல். கைத்னா ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே ஊர்கள் இருப்பதைக் கண்டு, இடையில் ஆழமற்ற துறை இருந்தாக வேண்டும் என வெல்லஸ்லி ஊகித்தார். இன்றைய ஆட்டக்காரர்கள் இருவருக்கும் அந்தத் துறை முன்பே தெரியும். போல்மனாக ஆடுபவர் முதல் சுற்றிலேயே அதை அடைத்துவிடுவார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளில் இதற்கு வழி உண்டு: ஒவ்வொரு தரப்பும் களத்தில் அறியக்கூடியதை மட்டும் நடுவர் அதற்குச் சொல்வார். ஊரின் பெயரை மறைத்து, துறை உண்டா என்பதை நடுவரின் பொறுப்பில் விட்டால் வெல்லஸ்லியின் துணிச்சலுக்கும் போல்மனின் திகைப்புக்கும் பொருள் கிடைக்கும்.

கம்பெனியின் பக்கத்தில் நின்ற காலாட்படையில் இரண்டு ஸ்காட்டியப் படைகள் போக, எஞ்சியவை தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறைந்த மதராஸ் சிப்பாய்ப் பட்டாலியன்கள். மேசையில் ஸ்காட்டியருக்கு உயர்தரமும் அவர்களுக்கு ஒரு படி தாழ்வும் வழங்குவது பழக்கமாகவே தொடர்கிறது. அசாயேயின் யானை மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் நிற்கிறது. அவர்களின் பகடையில் ஒரு புள்ளியைக் குறைப்பவர், எந்தச் சான்றைக் கொண்டு குறைத்தார் என்பதை அடிக்குறிப்பிலாவது எழுதட்டும்.