உண்டதற்குக் கணக்குத் தந்தவர்கள்

48,835 பெண்கள்! ஐம்பதைத் தொட்டவர்கள், எண்பதை எட்டாதவர்கள். அமெரிக்க நாட்டிலே நாற்பது மருத்துவ நிலையங்களின் வாயிலிலே 1993ஆம் ஆண்டு தொடங்கி வந்து நின்றார்கள். நோய் தீர்க்கச் சொல்லி வந்தவர்கள் அல்ல. மருந்து கேட்டு வந்தவர்கள் அல்ல. 'எங்களை வைத்து ஆராய்ந்து பாருங்கள்' என்று தாமாகவே பெயர் கொடுக்க வந்தவர்கள்!

எதை ஆராய? கொழுப்பைக் குறைத்து, காயும் கனியும் தானியமும் கூட்டி உண்டால் மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க முடியுமா என்பதை. ஜப்பானியப் பெண்களுக்கு அந்நோய் குறைவு. அமெரிக்காவிலே குடியேறிய ஜப்பானியர் குடும்பங்களிலோ தலைமுறைக்குத் தலைமுறை அது கூடிற்று. இரத்தம் மாறவில்லை, இனம் மாறவில்லை. மாறியவற்றிலே சாப்பாட்டுத் தட்டும் ஒன்று. ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்தால் ஆராய வேண்டும் அல்லவா?

ஆனால், பெண்ணை ஆராய அதுவரை யாருக்கு அக்கறை இருந்தது? ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று அதே நாட்டிலே 1980களில் பெரியதோர் ஆராய்ச்சி நடந்தது. அதிலே கலந்து கொண்ட மருத்துவர்கள் 22,071 பேர். அத்தனை பேரும் ஆண்கள்! பெண்ணின் உடல் ஆண் உடலின் சிறு பதிப்பு என்று எண்ணினார்கள் போலும். மனு எழுதாத நாட்டிலும் இந்த மனப்பான்மை இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலே முதன்முதலாக ஒரு பெண், பெர்னடின் ஹீலி, 1991ல் அமர்ந்த பிறகுதான் பெண்களுக்கென்றே இந்த மாபெரும் ஆராய்ச்சித் திட்டம் பிறந்தது. 1993ல் சட்டமே வந்தது: அரசுப் பணத்திலே நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியில் பெண்களுக்கும் சிறுபான்மை இனத்தாருக்கும் இடம் தந்தாக வேண்டும் என்று. ஆராய்ச்சிக் கூடத்திலும் இடஒதுக்கீடு கேட்க வேண்டியிருந்தது!

வந்த பெண்களைக் குலுக்கல் முறையிலே இரண்டாகப் பிரித்தார்கள். 19,541 பேர் உணவை மாற்ற வேண்டும். 29,294 பேர் வழக்கம்போல் உண்ணலாம். யார் எந்தப் பக்கம் என்பதைச் செல்வமும் தீர்மானிக்கவில்லை, செல்வாக்கும் தீர்மானிக்கவில்லை. முதல் பிரிவினர் முதலாண்டிலே மட்டும் பதினெட்டு முறை கூடிப் பயிற்சி பெற்றனர். கொழுப்பின் பங்கை உணவுச் சக்தியில் நூற்றுக்கு இருபதாக்குவது இலக்கு. முதலாண்டு முடிவில் 24க்கு வந்தார்கள்; ஆறாம் ஆண்டில் அது மீண்டும் ஏறி 29ஐ நெருங்கிற்று. நாக்கைக் கட்டுவது எளிதா என்ன! பீடியை நாளையிலிருந்து விடுவதாகப் பத்தாண்டாகச் சொல்லிவரும் நண்பர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

நாம் பெரிதும் வியப்பது இரண்டாம் பிரிவினரைத்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கையேடு. பயிற்சி இல்லை, பலகாரம் இல்லை, பாராட்டும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் வந்தார்கள், கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒப்பிடுவது எதனோடு? வாட்ஸ்அப்பிலே வருகிறதே, இன்ன இலையை இன்ன சாற்றில் அரைத்துக் குடித்தால் புற்றுநோய் பறந்துவிடும் என்று! குடித்தவர் எத்தனை பேர், குடிக்காதவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், அனுப்பியவர்தான் பறந்துவிடுவார்.

விடை 2006ல் வந்தது. சராசரி எட்டாண்டுகள் கவனித்ததில், உணவை மாற்றியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு என்று ஆராய்ந்தவர்களே அறிவித்தனர். இத்தனை கோடி செலவழித்து, இத்தனை பேரை அலைக்கழித்து, கண்டது இதுதானா என்று ஏளனம் பேசியோர் உண்டு. இல்லாத வெற்றியை இருப்பதாகச் சொல்லாத அந்த நேர்மை, ஏளனத்துக்குரியதா என்று கேட்கிறோம். அவர்கள் கணக்கு ஏட்டை மூடிவிடவும் இல்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019ல் அறிவித்தார்கள்: மார்பகப் புற்றுநோயால் மாண்டவர்கள் வழக்கம்போல் உண்டவர்களிடையே நூறு என்றால், உணவை மாற்றியவர்களிடையே 79 என்ற விகிதம். முதலில் எழுப்பிய கேள்வி நோய் வருவதைப் பற்றியதே அன்றிச் சாவைப் பற்றியதல்ல என்பதால், இதையும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும் என்போர் உளர். இருக்கட்டும். அறிவுலகம் அப்படித்தான் நடக்கும். குறி சொல்பவனுக்குத்தான் ஐயமே வராது.

ஆராய்ச்சி என்றாலே அடிபணியச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதே அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள் நடந்த கொடுமையை மறக்கலாமா? மேகநோய் கண்ட 399 கறுப்பின உழைப்பாளிகள். என்ன நோய் என்று சொல்லவில்லை; 'கெட்ட இரத்தம்' என்று ஏய்த்தார்கள். பெனிசிலின் வந்த பின்னும் தரவில்லை. நோய் எப்படித் தின்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள், அரசாங்க மருத்துவர்கள்! அந்தத் தழும்பு ஆறாத சமூகத்திலிருந்தும் பெண்கள் இந்த உணவு ஆராய்ச்சிக்கு வந்தார்கள் என்றால், அவர்களை வரவழைத்தது ஆணை அல்ல. விளக்கிச் சொல்லிக் கேட்டுப் பெற்ற ஒப்புதல். தன் விருப்பத்தால் வருபவரே தொண்டர். தெரியாமல் இழுத்து வரப்பட்டவர் பலியாடு.

இங்கே நமது நிலை என்ன? இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களிலே இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றிலே மருத்துவமனை கண்ட 1954லிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த வாயிலை மிதித்திருக்கின்றன. பலர் வந்தது காலங்கடந்து. கட்டி தெரிந்தும் கணவனிடம் சொல்ல வெட்கம், மாமியாரிடம் சொல்ல அச்சம், 'முன்வினை' என்று ஊர் சொன்ன ஆறுதல்!

அமெரிக்க மாதின் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் கிடைத்த விடை, நம் வீட்டு அரிசிக்கும் புளிக்குழம்புக்கும் அப்படியே பொருந்துமா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியிலே மிஞ்சியதைக் கடைசியாக வழித்து உண்ணும் தாயின் தட்டிலே என்ன இருந்தது என்பதை அவரைக் கேட்டால்தானே தெரியும்? ஆகவே, தக்க மருத்துவ நிறுவனம் அப்படிக் கேட்டு வரும் நாளில், கழகத் தோழர்கள் கதவை அடைத்துவிடக் கூடாது. 'வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆராய்ச்சி' என்று சீறவும் கூடாது. படிப்பகத்திலே நாலு பேரைக் கூட்டிப் படிவத்தை உரக்கப் படியுங்கள். தமிழிலே இல்லையா? தமிழிலே கேளுங்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியிலே விளக்கவேண்டும், இடையிலே விலகினாலும் அவருக்குரிய சிகிச்சை குறையக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளே கூறுகின்றன. நடத்துவது யார், பணம் யாருடையது, தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யார் என்று அவரே கேட்கட்டும். கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும். வீட்டுக்காரரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. மருத்துவமனைக்குப் போய்வர அரைநாள் ஆகும். அதுவரை அடுப்பைப் பார்த்துக் கொள்ள வேண்டியவர் யார் என்று நாம் எழுதித்தானா தெரியவேண்டும்?