மலிவு பார்த்தது எதில்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு மாலை. உலு திராமில் எங்கள் வீட்டின் பின்புற மரத்தளத்தில் அம்மா தேநீர்க் கோப்பையோடு நடந்து வந்தார். மேலெழும்பியிருந்த ஒரு பலகையின் நுனி அவர் காலை இடறியது. தூணைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். கோப்பைதான் உடைந்தது.

குனிந்து பார்த்தேன். பாலாவ் மரப் பலகை கல்லாட்டம் இருந்தது. போனது ஸ்க்ரூ. தலை தனி, தண்டு தனி, நடுவில் துரு. மூன்று வருடத்துக்கு முன் மலிவாகக் கிடைத்ததே என்று அந்தக் கறுப்பு ஸ்க்ரூவை இரண்டு பெட்டி வாங்கி வந்தவன் நான்தான். அது வீட்டுக்குள் ஜிப்சம் பலகை பொருத்துவதற்கானது. அதன் மெல்லிய பூச்சு மழைக்குத் தாங்காது.

மழை மட்டுமே காரணமும் அல்ல. மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து உண்டு. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு நிறம் தருகின்றன அல்லவா? அதே வினைதான் ஈரப் பலகையிலும் நடக்கிறது. ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை தெரிந்தால், உள்ளே இரும்பு கரைகிறது என்று பொருள்.

உலோகத்தோடு உலோகமும் ஒத்துப்போக வேண்டும். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தியது. சில ஆண்டுகளில், செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. இன்று பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து ஏற்றிய, பச்சை சாயல் கொண்ட மரங்களிலும் செம்பு இருக்கிறது. பளபளக்கும் மெல்லிய துத்தநாகப் பூச்சு அதனிடம் நிற்காது.

அப்படியானால் எதை வாங்குவது? உலு திராம் போன்ற உட்பகுதிக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். டெசாரு பக்கம் கடற்காற்று படும் வீடு என்றால் 316. அதில் சேர்க்கப்படும் மாலிப்டினம் உப்பைத் தாங்க உதவும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருந்தும் காந்தம் பலமாக ஒட்டினால், அது பெரும்பாலும் 410 தரம். உறுதியானது, ஆனால் வெளியில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

25 மில்லிமீட்டர் பலகைக்கு 60 முதல் 65 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். சட்டத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஸ்க்ரூ. 304, 316 இரண்டும் சற்று மென்மையானவை. துளை போடாமல் கடின மரத்தில் முறுக்கினால் கழுத்து ஒடியும். தலை பலகையோடு சமமாக நிற்கட்டும். ஆழப் புதைத்தால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் நானும் அப்பாவும் பழையதைப் பிடுங்கிப் புதியதை ஏற்றினோம். ஒடிந்து உள்ளே மாட்டியவற்றை எடுப்பதற்குள் கை கொப்புளித்துவிட்டது. "மரத்துக்கு அவ்வளவு கொடுத்தவன், இதில் போய்க் கணக்குப் பார்த்தாயே" என்றார் அப்பா. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நவம்பர் மழைக்கு முன் உங்கள் வீட்டுத் தளத்தில் ஒவ்வொரு பலகையையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். ஆடுகிற பலகையை முதலில் கண்டுபிடிப்பது வீட்டுப் பெரியவர்களின் கால்களாக இருக்க வேண்டாம்.