அட்வான்ஸ் யாருடைய பணம்?

முகூர்த்த சீசன் முடிந்ததும் கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை வட்டாரத்தில் செல்ஃப் டிரைவ் கார் விடும் நண்பர்கள் சொல்லும் புகாரும், அவர்கள்மேல் வாடிக்கையாளர்கள் சொல்லும் புகாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. வண்டி திரும்பி வருகிறது, பம்பரில் கோடு. "எடுக்கும்போதே இருந்தது" என்கிறார் வாடிக்கையாளர். "நேற்றுவரை இல்லை" என்கிறோம் நாம். அட்வான்ஸில் ஐயாயிரம் பிடிக்கப்படுகிறது. இருவருமே நம்பியதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆதாரம் மட்டும் இருவரிடமும் இல்லை.

இந்த விஷயத்தில் இதழின் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அட்வான்ஸ் வாடிக்கையாளருடைய பணம். அதில் கை வைக்க வேண்டுமானால், இன்ன நஷ்டம் ஏற்பட்டது என்று காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில், ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதி வைத்திருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. எழுதிய தொகை வெறும் உச்சவரம்பு. டெபாசிட்டைப் பறிமுதல் செய்வதற்கும் இது பொருந்தும், நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சட்டத்தின் 150ஆவது பிரிவை நம்மில் பலர் படித்ததே இல்லை. வாடகைக்குக் கொடுத்த பொருளில் இருந்த குறையால் சேதம் நேர்ந்தால், அந்தக் குறை நமக்கே தெரியாமல் இருந்திருந்தாலும் பொறுப்பு நம்முடையது. தேய்ந்த டயரோடு வண்டியை அனுப்பிவிட்டு, டயர் வெடித்து நசுங்கிய ஃபெண்டருக்குப் பார்ட்டியிடம் பணம் கேட்க முடியாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதையும், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் முறையற்ற ஒப்பந்தம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் புகார் நேரே மாநில ஆணையத்துக்குப் போகும். சாதாரண சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டுவரை அவகாசமும் உண்டு. தஞ்சாவூரில்தானே வழக்கு நடக்கும் என்று நினைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோயமுத்தூர்க்காரரிடம் ஐயாயிரம் பிடித்தால் கோயமுத்தூருக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

ஆதாரத்தைச் சேர்க்க வேண்டியது எங்கே என்று பார்ப்போம். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவிட்டு, ஐராவதேசுவரர் கோயிலில் கடைசியாக இறங்கிக் கும்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறார் ஒருவர். மழை பெய்திருக்கிறது. கதவின் பாதி உயரத்துக்குச் சேறு. ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, இன்னொருவர் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். அந்த வெளிச்சத்தில் காய்ந்த சேற்றின் விளிம்பும் கோடாகத் தெரியும், பழைய பாலிஷ் தழும்பும் கோடாகத் தெரியும். அந்த நேரத்தில் செய்யும் சோதனையை வைத்து யாரிடமும் பணம் பிடிக்கக் கூடாது. காலையில் வண்டியைக் கழுவி, அவர் முன்னிலையில், அல்லது வீடியோ அழைப்பில் அவரை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

கொடுக்கும்போது எடுக்கும் படங்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லோரும் நின்றபடி நான்கு பக்கமும் நான்கு படம் எடுக்கிறார்கள். நம் வட்டாரத்தில் அடி விழும் இடங்கள் அந்தப் படங்களில் வருவதே இல்லை. குறுவை அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், அதற்குக் காவலாக ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். எதிரே பஸ் வந்தால் கார் அந்தக் கல்லில்தான் ஏறும். உரசுவது பம்பரின் கீழ் விளிம்பும் ரிம்மும். ஆற்றங்கரைச் சாலையிலிருந்து சரிவில் இறங்கினால் தட்டுவது ஆயில் சேம்பர். தென்னை மட்டை விழுவது கூரையில். ஆகவே குத்தவைத்து உட்கார்ந்து எடுங்கள். கீழ் விளிம்பு, நான்கு ரிம், கூரை, முன் கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி, சாவி போட்ட நிலையில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும். எடுத்ததை அங்கேயே வாடிக்கையாளருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். படம் நம் போனில் மட்டும் இருந்தால் அது எப்போது எடுத்தது என்ற சந்தேகம் கடைசிவரை போகாது.

சேதம் உறுதியானால் எவ்வளவு பிடிப்பது? டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று பட்டறையில் கொடுத்த பில் எவ்வளவோ அவ்வளவு. ஆறு வருடம் ஓடிய பம்பருக்குப் புதுப் பம்பரின் விலையைக் கேட்பது நியாயம் ஆகாது. இன்ஷூரன்ஸிலும் கிளெய்ம் வாங்கி, பார்ட்டியிடமும் முழுத் தொகை வாங்குவது அதைவிட மோசம். கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போகுமே என்ற வாதத்தில் பொருள் உண்டு. அப்படியென்றால் அந்த இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். பட்டறையில் நின்ற நாளுக்கு வாடகை கேட்பவர்கள் அந்த நாளில் இன்னொரு புக்கிங் இருந்ததைக் காட்ட வேண்டும். தை, வைகாசியில் காட்டிவிடலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு நாள் வாடகை கேட்பது மனசாட்சிக்கு ஒத்துவராது.

இந்தச் சண்டைகளின் வேர் வேறொரு இடத்தில் இருப்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் ஓடும் செல்ஃப் டிரைவ் வண்டிகளில் எத்தனையோ வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைக்கு விட்ட வண்டிக்குப் பொருந்தாது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், இப்படிப்பட்ட கிளெய்மை அடியோடு தள்ளக் கூடாது, ஒரு பகுதியாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சிறிய ஆறுதல், அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. கிளெய்ம் போட வழியில்லாத உரிமையாளர் ஒவ்வொரு கோட்டுக்கும் வாடிக்கையாளரின் சட்டையைத்தான் பிடிக்கிறார். 2024 டிசம்பரில் ஆலப்புழை களர்கோட்டில் மருத்துவ மாணவர்களைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு, சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது பற்றிக் கேரளப் போக்குவரத்துத் துறை கடுமையாக எச்சரித்தது நினைவிருக்கும்.

உரிமம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், 1989ஆம் ஆண்டின் ரென்ட் எ கேப் திட்டம் குறைந்தது 50 கார் கேட்கிறது. தாராசுரத்தில் யாரால் முடியும்? 1997இல் வந்த மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்துக்கு 5 வண்டி போதும். இரண்டு சக்கரத்துக்கு ஐந்து, நான்கு சக்கரத்துக்கு ஐம்பது என்ற இந்தக் கணக்கை மாற்றச் சொல்லி ஒன்றிய அரசிடம் கேட்பது நம் சங்கங்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும். உரிமம் கிடைத்துக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து வந்தால் வாடகைக்கு ஏற்ற பாலிசியும் வரும், கோட்டுச் சண்டையில் பாதி அடங்கும்.

வாடகைக்கு எடுத்த காரை அடமானம் வைத்துவிட்டு ஓடும் கூட்டம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. அதற்காக ஒரிஜினல் ஆதாரையும் வெற்றுக் காசோலையையும் வாங்கி வைக்க வேண்டாம். ஜி.பி.எஸ். பொருத்துங்கள், பொருத்தியதைச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானதும் நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன், வாடிக்கையாளர் நாள் நீட்டிக்கக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறாரா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் நிறுவனம், வண்டியைத் திருடியதாகப் பொய்யாகக் குற்றம்சாட்டப்பட்ட வாடிக்கையாளர்களின் 364 வழக்குகளை முடிக்க, 2022 டிசம்பரில் சுமார் 16.8 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பணம் கட்டியவர்களே கைதான சம்பவங்கள் அதில் உண்டு.

ஃபாஸ்டேக் கழிவும் இ-சலானும் வண்டி வந்து சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கென்று ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, எந்தத் தேதியில் திருப்பித் தருவோம் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். மீதியைச் சாவி வாங்கிப் பார்த்த அன்றே அனுப்பிவிடலாம். 2028இல் மகாமகம் வருகிறது. தமிழ் தெரியாத பயணிகளும் அப்போது நம் வண்டிகளை எடுப்பார்கள், ஒப்படைப்புத் தாளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இப்போதே அச்சடித்து வையுங்கள்.